எவ்வளவுக்குப் போவான்?

2025 ஆகஸ்ட் மாதம் தொடங்கி நவம்பர் பாதி வரைக்கும், பழனிசெட்டிபட்டியில் நான் டீ குடிக்கும் கடையில் ஒரே பேச்சுதான். சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறாரா இல்லையா? வந்தால் பதிலுக்கு யாரைக் கொடுப்பார்கள்? சீசன் தொடங்க ஏழு மாதம் கிடக்கிறது. ஆனால் கம்பத்துக்குப் போகிற பஸ்களின் ஹாரனுக்கு நடுவே நாங்கள் தினமும் காலையில் ஒரு அணியைக் கலைத்து, இன்னொரு அணியைக் கட்டினோம். ஒருநாள் துபேயைக் கொடுத்தோம். மறுநாள் மனசு கேட்காமல் திரும்ப வாங்கிக்கொண்டோம். அஸ்வினையும் கொடுத்துப் பார்த்தோம். ஆகஸ்ட் 27ஆம் தேதி அவர் ஐபிஎல்லிலிருந்தே ஓய்வு என்று அறிவித்துவிட்டார். 'சரி, அந்தக் காசு மிச்சம்' என்று கணக்கை மாற்றி எழுதினோம். இத்தனை வருஷம் ஆடிய ஒரு மனிதருக்கு எங்கள் கடையில் கிடைத்த வழியனுப்பு விழா அவ்வளவுதான்.

அந்தக் கடைக்கு ஒரு அண்ணன் வருவார். போடியில் ஏலக்காய் வியாபாரம். கிரிக்கெட்டில் அவருக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. நாங்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டே பேப்பர் படிப்பார். ஒருநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அதெல்லாம் சரிப்பா, எவ்வளவுக்குப் போவான்?" என்றார்.

"பதினெட்டு கோடிண்ணே."

அவர் தலையை ஆட்டினார். இன்றைக்குக் காய் கிலோ என்ன விலைக்குப் போச்சு என்று யாராவது சொன்னால் எப்படி ஆட்டுவாரோ, அதே ஆட்டு. எங்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. எனக்கும் அப்போது உறுத்தவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த 'போவான்' என்ற சொல் காதிலேயே நின்றது.

*

எங்கள் பக்கத்தில் ஏலம் என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று மலையில் விளைவது. இன்னொன்று அதை விற்கும் முறை. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. காய் மாதிரி கைக்கு வரும். வியாபாரிகள் உருட்டிப் பார்ப்பார்கள், நிறம் பார்ப்பார்கள், எட்டு எம்.எம். தேறுமா என்று பார்ப்பார்கள். பிறகு விலை ஏறும். எங்கோ நிற்கும். அந்த விலைக்குக் காய் 'போகும்'.

தமிழில் இந்தப் 'போ' விசித்திரமான வினை. மனிதர் போனால் அது அவர் விருப்பம். 'அவர் ஊருக்குப் போனார்' என்றால் அவராகப் போனார் என்றுதான் பொருள். ஆனால் முன்னால் ஒரு விலையைச் சேர்த்துவிட்டால் போதும், விருப்பம் காணாமல் போய்விடுகிறது. 'காய் மூவாயிரத்துக்குப் போச்சு' என்பதில் காய்க்கு ஒரு வேலையும் இல்லை. 'கேமரூன் கிரீன் எவ்வளவுக்குப் போனான்?' என்று கேட்கும்போது கிரீனுக்கும் இல்லை. (2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலத்தில், கொல்கத்தாவுக்கு, 25.20 கோடிக்குப் போனார்.) 'சஞ்சு போவாரா?' என்பதும் 'சஞ்சு எவ்வளவுக்குப் போவார்?' என்பதும் கேட்க ஒரே கேள்வி போலத்தான் இருக்கின்றன. முதல் கேள்வியில் யோசிப்பவர் சஞ்சு. இரண்டாவதில் யோசிப்பது நாம்தான். அவர் சாக்கில் இருக்கிறார்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அரசியல்வாதி கட்சி மாறினால் 'விலை போயிட்டான்' என்போம். தமிழில் ஒருவரைப் பற்றிச் சொல்லக்கூடிய மோசமான வசைகளில் அது ஒன்று. ஏல நாளில் டிவி முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் தலைகீழ். அங்கே விலை போனவன் ராஜா. விலை போகாதவனுக்குத்தான் அவமானம். அவன் பெயர் வரும், படம் வரும், யாரும் கை தூக்க மாட்டார்கள், பெயர் போய்விடும். வீட்டில் அம்மா அப்பா டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே மொழி, ஒரே சொல். ஒரு இடத்தில் துரோகம், இன்னொரு இடத்தில் பெருமை. எது சரி என்று நாம் எப்போதாவது உட்கார்ந்து யோசித்தோமா?

2008 பிப்ரவரி 20 வரைக்கும் யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் ஐபிஎல் ஏலம். தோனி 15 லட்சம் டாலருக்குச் சென்னைக்கு 'வந்தார்'. அதற்கு முன் டீக்கடையில் ஒரு ஆட்டக்காரரைப் பற்றிக் கேட்க ஆயிரம் கேள்விகள் இருந்தன. எவ்வளவுக்குப் போவான் என்ற கேள்வி மட்டும் இல்லை.

*

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 15ஆம் தேதி அறிவிப்பு வந்தது. சஞ்சு 18 கோடிக்குச் சென்னை. பதிலுக்கு ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரணும் ராஜஸ்தானுக்கு. 18 கோடியில் இருந்த ஜடேஜாவின் சம்பளம் 14 கோடியாக இறங்கியது. கரணுக்கு 2.4 கோடி.

ஜடேஜா சென்னைக்கு 12 சீசன் ஆடியவர். சஞ்சு ராஜஸ்தானுக்கு 11 சீசன். இரண்டு அணிகளும் தடை செய்யப்பட்டிருந்த 2016, 2017ல்தான் இருவருமே வேறு சட்டை போட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தபோது பக்கத்து வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பி வந்தவர்கள் மாதிரி. அப்படிப்பட்ட இரண்டு பேரைத்தான் தராசின் இரண்டு தட்டில் வைத்தார்கள். சஞ்சு சமம் ஜடேஜா கூட்டல் கரண்.

இம்மானுவேல் கான்ட் 1785ல் எழுதிய அறவியல் நூலில் ஒரு பிரிவினை செய்கிறார். விலை உள்ள எதற்கும் ஈடாக இன்னொன்றை வைக்க முடியும். ஈடு வைக்கவே முடியாததற்குத்தான் மதிப்பு, கண்ணியம். மனிதர் இரண்டாவது வகை என்பது அவர் வாதம். டிரேட் என்பதே ஈடு வைக்கும் வேலை. அப்படியானால் டிரேட் அடிப்படையிலேயே தப்பா?

இங்கே ஒரு நியாயமான பதில் வரும். கைமாறுவது மனிதரில்லை, ஒப்பந்தம். அவருடைய உழைப்பின் ஒரு பகுதியை, குறிப்பிட்ட காலத்துக்கு, யாருக்குத் தருவது என்பதுதான் விஷயம். ஐபிஎல்லில் வீரரின் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்ய முடியாது என்று விதியும் இருக்கிறது. சட்டப்படி இது சரியான பதில்தான். ஆனால் எங்கள் கடையில் நாங்கள் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவில்லை. "முப்பத்தாறு வயசாச்சு, இன்னும் ரெண்டு வருஷம் தாங்குமா?" என்று பேசினோம். முட்டியைப் பேசினோம், தோளைப் பேசினோம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்து வயசு பார்ப்பார்களே, அந்தப் பேச்சு. ஒப்பந்தத்துக்குப் பல் கிடையாது.

அடுத்த பதில் இன்னும் பலமானது. "பதினெட்டு கோடி வாங்குறவனுக்காக நீ எதுக்குய்யா கண்ணீர் விடுற? இங்க மில்லுல ஷிப்ட் பாக்குறவனை யார்கிட்டயும் கேக்காமத்தான் யூனிட் மாத்துறான்." கடையில் ஒருவர் இதையே சொன்னார். என்னிடம் உடனே பதில் இல்லை.

அந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒரு மனிதர் ஏற்கெனவே சந்தித்திருக்கிறார். கர்ட் ஃபிளட், பேஸ்பால் வீரர், கறுப்பினத்தவர். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு 12 சீசன் ஆடியவர். அங்கேயும் அதே பன்னிரண்டு. 1969ல் அவரை பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டார்கள். கேட்கவில்லை. அப்போது அவர் சம்பளம் வருஷத்துக்கு 90,000 டாலர். அந்தக் காலத்துக்குப் பெரிய காசு. பேசாமல் பெட்டியைக் கட்டியிருக்கலாம். அந்த டிசம்பர் 24ஆம் தேதி அவர் பேஸ்பால் ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதினார். இத்தனை வருஷம் ஆடிய பிறகும், என்னைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் உடைமையா என்பது அதன் சாரம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972ல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்துபோயிருந்தது.

சம்பளத்தைக் காட்டி அவரையும் கேட்டார்கள். அவர் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: காசு என்பது 'எவ்வளவு' என்ற கேள்விக்குப் பதில். அவர் கேட்டது 'யாரைக் கேட்டாய்' என்ற கேள்வி. முதல் கேள்விக்கு எத்தனை பெரிய பதில் கொடுத்தாலும் இரண்டாவது அப்படியே நிற்கும். மில் தொழிலாளியைக் கேட்காமல் மாற்றுகிறார்கள் என்பதும் உண்மை. அவரிடமும் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பதில். அவரிடம் கேட்கவில்லை, ஆகவே யாரிடமும் கேட்க வேண்டாம் என்பது பதில் ஆகாது.

*

ஜடேஜா கதையில் பலரும் மறந்துவிட்ட ஒரு பக்கம் இருக்கிறது. 2008ல் முதல் கோப்பையை வென்ற ராஜஸ்தான் அணியில் அவர் சின்னப் பையன். 2010ல் ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு இடத்தில் நேரடியாகப் பேரம் பேச முயன்றார் என்று சொல்லி, ஐபிஎல் அவருக்கு அந்த சீசன் முழுக்கத் தடை விதித்தது. அப்போது அவருக்கு 21 வயசு. தன் விலையைத் தானே பேசப் போனதற்காக ஒரு வருஷம் வீட்டில் இருந்தார். 15 வருஷம் கழித்து இரண்டு அணிகள் அவர் விலையைப் பேசின. அதற்குப் பெயர் வியூகம். விதியை மீறினார், தண்டனை பெற்றார், அதில் எனக்குத் தகராறில்லை. ஆனால் யார் பேசினால் பேரம், யார் பேசினால் துரோகம் என்பதை யார் எழுதிவைத்தது என்று பார்க்க வேண்டாமா? விசுவாசம் என்ற சொல்லை நாம் ஆட்டக்காரர் பக்கம் மட்டுமே நீட்டுகிறோம். அணியின் பக்கம் அது திரும்புவதே இல்லை.

சரி, சம்மதம் வாங்கினார்களே என்றால், சம்மதத்துக்கும் எடை உண்டு. 'நீ போகலாம் என்று நினைக்கிறோம், உனக்குச் சரியா?' என்று ஒரு வீட்டில் கேட்ட பிறகு, 'இல்லை, நான் இங்கேயே இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு அங்கே எந்த முகத்தோடு சாப்பிடுவது? ஆனாலும் கேட்டார்கள் என்பது சின்ன விஷயமில்லை. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே வருஷத்தில் ஒரு கதை இருக்கிறது.

2025 பிப்ரவரி தொடக்கத்தில் ஒருநாள் நள்ளிரவு. டாலஸ் மாவெரிக்ஸ் கூடைப்பந்து அணி, தன் நட்சத்திரம் லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஆந்தணி டேவிஸை வாங்கியது. டோன்சிச்சுக்கு 25 வயசு. முந்தைய வருஷம்தான் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோயிருந்தார். முன்கூட்டி ஒரு வதந்தி இல்லை, ஒரு ஊகம் இல்லை. செய்தி வந்தபோது யாரோ கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். டோன்சிச்சுக்கே அதிர்ச்சி. ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே ஒரு சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த டிரேடைச் செய்த பொது மேலாளர் நிக்கோ ஹாரிசனை அணி நவம்பர் 11ஆம் தேதி வேலையை விட்டு அனுப்பியது. இங்கே சஞ்சு அறிவிப்புக்கு நான்கு நாள் முன்பு.

இதைப் படித்தபோது எங்கள் டீக்கடைப் பேச்சின் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. டாலஸில் நடந்தது அது. எங்களுக்கு நடந்தது துண்டை எடுத்துவிட்ட பேரம். சத்தம், அசிங்கம், பாதிப் பொய். ஆனால் மூன்று மாதம் நாங்கள் ஜடேஜாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துகொண்டிருந்தோம் என்பது அறிவிப்பு வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரோ ஃபோனில் 2023 இறுதிப் போட்டியைப் போட்டார்கள். இரண்டு பந்தில் பத்து ரன். சிக்ஸர். ஃபோர். தோனி அவரைத் தூக்கிக்கொள்கிறார். கடையில் ஒருவரும் விலை பேசவில்லை. அதே வருஷம், தோனி இறங்க வேண்டும் என்பதற்காகத் தான் அவுட் ஆகக் காத்திருக்கும் கூட்டத்தைப் பற்றி ஜடேஜா சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு.

திருக்குறளில் 19ஆம் அதிகாரம் புறங்கூறாமை. அதற்கு அடுத்தது பயனில சொல்லாமை. டிரேட் ஊகம் இதில் எந்தக் கணக்கு? வீண் பேச்சு என்றால் மன்னித்துவிடலாம். ஆள் இல்லாத இடத்தில் ஆளைக் குறைத்துப் பேசுவது என்றால் மன்னிக்க முடியாது. ஜடேஜா பழனிசெட்டிபட்டியில் டீ குடிக்கப் போவதில்லை, நாங்கள் பேசியது அவர் காதில் விழப்போவதில்லை என்று நானும் ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு பேச்சு யாரைப் பற்றியதோ அவரை மட்டும் தொடுவதில்லை. பேசுகிறவனைப் பழக்குகிறது.

*

இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

எங்கள் பக்கம் கூடைப்பந்துக்குப் பெயர் போனது. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு வங்கி அணிகள், ராணுவ அணிகள் எல்லாம் வரும். சின்ன வயதில் என்னை சைக்கிளில் வைத்து அங்கே கூட்டிப்போனது என் மாமா மகன். மச்சான் என்னைவிட ஆறு வயசு மூத்தவர். வங்கி அணிக்காரர்களைக் காட்டி, "இவங்களை யாரும் விக்க முடியாது மாப்ள. வேலை இவங்களோடது. ஆடி முடிச்சாலும் சீட்டு இருக்கும்" என்பார். அந்த சீட்டுதான் அவர் கனவு. எனக்குப் பந்து போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு பக்கத்து ஊரில் ஒரு சின்ன டோர்னமென்ட். எங்கள் அணியில் மச்சானும் இருந்தார், நானும் இருந்தேன். வெளியூர் கல்லூரிப் பையன் ஒருவன் பஸ் காசும் சாப்பாடும் கொடுத்தால் வந்து ஆடுவான் என்று தெரிந்தது. நல்ல உயரம். அவனைச் சேர்த்தால் ஒருவரை உட்காரவைக்க வேண்டும். ஒரு வாரம் டீக்கடையில் பேசினோம். ஐபிஎல் ஏலம் பார்த்து வளர்ந்த பையன்கள் நாங்கள். அந்தப் பேச்சு எங்களுக்குச் சரளமாக வந்தது. "மச்சானுக்கு முட்டி போச்சுப்பா. அவரை வச்சுக்கிட்டு செமிஸ் தாண்ட முடியாது." இதைச் சொன்னது நான்தான்.

முடிவு தப்பில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அவருக்கு முட்டி போய்த்தான் இருந்தது. ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொந்தக்காரன் நீதானே என்று என்னைப் பார்த்தார்கள். நான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கடைசியில் டீ மாஸ்டர் அவரிடம், "என்ன தம்பி, இந்தத் தடவ நீ இல்லையாமே?" என்று கேட்டிருக்கிறார். அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. போட்டி அன்று காலையில் வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். முதல் மேட்ச் ஜெயித்து இரண்டாவதில் தோற்றோம்.

ஊகம் பேசுவது தப்பா என்ற கேள்விக்கு என்னிடம் இப்போது இருக்கும் பதில் இந்தக் கதையிலிருந்துதான் வருகிறது. ஆள் மாறலாம். மாற்றவும் நேரலாம். அதைப் பற்றி ஊர் பேசத்தான் செய்யும், பேசட்டும். பாசம் இருப்பதால்தான் பேசுகிறது. ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவது என்று ஒன்று இருக்கிறதே, அங்கேதான் மனிதர் சரக்காகிறார். காய்க்கு மட்டும்தான் தன் விலை கடைசிவரை தெரியாது. சொல்ல வேண்டிய கடமை அணி நிர்வாகத்துக்கு, ரசிகனுக்கு இல்லை. உண்மைதான். ஆனால் நாமெல்லாரும் ஏதோ ஒரு வீட்டில், ஆபீஸில், நட்பில் நிர்வாகமாகவும் இருக்கிறோம். அங்கே டீக்கடையில் பழகிய நாக்கோடுதான் போய் நிற்கிறோம்.

மச்சான் இப்போது போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். வங்கி சீட்டு அமையவில்லை. ஜடேஜா போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். காயைத் தரம் பிரித்துக் கொட்டி வைத்திருந்தார்கள். பேச்சு டிரேடுக்கு வந்தது.

"அவன்கிட்ட கேட்டிருப்பாங்கள்ல?" என்றார்.

"கேட்டாகணும் மச்சான். ரூல் இருக்கு. அவரு ஒத்துக்காம மாத்த முடியாது."

"அப்பப் பரவால்ல."

அதற்குமேல் அவர் பேசவில்லை. நான்தான் பேசினேன். அந்த டோர்னமென்ட்டில் முட்டி போச்சு என்று சொன்னது நான் என்று சொன்னேன். அதை அவரிடம் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டியதும் நான்தான் என்றும் சொன்னேன்.

மச்சான் ஒரு கை காயை அள்ளி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துக்கொண்டே, "தெரியும். நீ வந்து சொல்லுவன்னு ரெண்டு நாள் பாத்தேன்" என்றார்.

பிறகு டீ சொன்னார்.